வாய்ஸ்மெயில் சர்வரில் புது கார்டு போட்ட பிறகு வரும் கோளாறுகள்: காதை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

மும்பை ஃபோர்ட், பல்லார்ட் எஸ்டேட் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இன்னும் வாய்ஸ்மெயில் சர்வர்கள், அதாவது போனை எடுத்து வாழ்த்துரை சொல்லிச் செய்தியைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர்கள், ஓடிக்கொண்டிருக்கின்றன. கப்பல் ஏஜென்ட் அலுவலகம், நடுத்தர ஹோட்டல், கூட்டுறவு வங்கி என்று எங்கே போனாலும் அலுவலகத்துக்குள் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தூசி படிந்த ஒரு டவர் நிற்கும். நான்கு லைன் பத்தாது, எட்டாக்கு, பன்னிரண்டாக்கு என்று சேட் சொல்வார். நாமும் டெலிபோன் லைன்களைச் சர்வரோடு சேர்க்கும் ஒரு கார்டை வாங்கி மாட்டுவோம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கும்.

மாட்டிய கார்டு வேலை செய்யாவிட்டால் எங்கள் தொழிலில் உடனே வரும் வார்த்தை "டெட்". கார்டைப் பையில் போட்டு, லோக்கல் ஏறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோட்டில் வேறு கார்டு தேடுவார்கள். என்னோடு வேலைக்கு வரும் தாராவித் தம்பியும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தான். "அண்ணாச்சி, இது போச்சு" என்பான். அவன் "போச்சு" என்ற கார்டுகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் எங்கேயோ மணி அடித்தால் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கார்டு சாவது அபூர்வம். அதைச் சுற்றியுள்ள ஸ்க்ரூ, கேபிள், கடிகாரம், எந்த நாட்டு டெலிபோன் என்று சொல்லும் நாட்டு அமைப்பு, லைசென்ஸ் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் கழுத்தறுக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் காதில் ஒரு தனி அடையாளம் உண்டு.

எழுத்தில் ஒரு சிக்கல். போர்டு என்றால் பலகை, போர்ட் என்றால் லைன் வாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் மாட்டும் பலகையைக் கார்டு என்றும், லைன் சேரும் வாயைப் போர்ட் என்றும் எழுதுகிறேன்.

மூடியைத் திறக்கும் முன்

விண்டோஸை ஷட்டவுன் செய்துவிட்டால் மெஷின் அணைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஏடிஎக்ஸ் பவர் சப்ளை, கரன்ட் கயிறு சுவரில் செருகியிருக்கும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் கார்டைச் செருகினால் அது நிஜமாகவே டெட் ஆகலாம். கயிற்றைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, மிச்ச மின்சாரத்தையும் வடித்துவிட்டுக் கை வைக்க வேண்டும். டெலிபோன் ஜாக்குகளையும் கழற்றிவிட வேண்டும். மணி அடிக்கும்போது லைனில் வரும் 75 வோல்ட் கையைச் சுண்டும்.

மழைக்காலத்தில் மும்பைக் காற்றே ஈரம், ஸ்டாட்டிக் எங்கே வரப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சர்வர் இருப்பது ஏசி அறையில். அங்கே காற்று காய்ந்துதான் கிடக்கும். மணிக்கட்டுப் பட்டையைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். பட்டை இல்லையென்றால் கார்டைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கேபினெட்டைத் தொடுங்கள்.

எந்த ஜாக்கில் எந்த எக்ஸ்டென்ஷன் என்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கான்ஃபிகரேஷனையும் வாழ்த்துரைக் கோப்புகளையும் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கார்டு வாங்கியிருந்தாலும் ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது.

கார்டு ஸ்லாட்டில் இறங்கவே மறுக்கிறது

இறங்காததை அழுத்தாதீர்கள். பிசிஐ கார்டுகளில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு சாதி உண்டு. கார்டின் தங்கப்பல் ஓரத்தில் உள்ள வெட்டு, ஸ்க்ரூ போடும் தகட்டின் பக்கம் இருந்தால் அது 3.3 வோல்ட். தகட்டை விட்டுத் தள்ளி இருந்தால் 5 வோல்ட். இரண்டு வெட்டும் இருந்தால் எதிலும் போகும். பழைய குரல் கார்டுகள் பல 5 வோல்ட் வகை. பிற்காலச் சர்வர்களின் நீள ஸ்லாட்டுகள் பல 3.3 வோல்ட். வெட்டு பொருந்தாத இடத்தில் அரத்தை எடுத்துப் புது வெட்டுப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கார்டு போனது சரி, மதர்போர்டும் சேர்ந்து போனது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வேறு இனம். பெயரில் பாதி ஒத்திருப்பதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுகிறார். வாங்கும் முன் மெஷினைத் திறந்து ஸ்லாட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனால் ஒரு லோக்கல் டிக்கெட் மிச்சம்.

மெஷின் ஓடுகிறது, கார்டு தெரியவே இல்லை

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலும் இல்லை, லினக்ஸில் பிசிஐ பட்டியலிலும் இல்லை. மென்பொருளை நோண்ட இது நேரமில்லை. டிரைவர் இல்லாவிட்டாலும் அடையாளம் தெரியாத சாதனம் என்றாவது பட்டியலில் ஒரு வரி வர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கார்டுக்கும் ஸ்லாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று அர்த்தம்.

இதில் முதல் குற்றவாளி பின்பக்க ஸ்க்ரூ. பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் அலுவலகத்தில் நான் அரை நாள் திண்டாடினேன். கார்டை அழுத்தினால் தெரியும், மூடியைப் போட்டு எழுந்தால் தெரியாது. கடைசியில் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன். மலிவான கேபினெட், தகடு ஒரு மில்லிமீட்டர் வளைந்திருந்தது. ஸ்க்ரூவை இறுக்க இறுக்க, கார்டின் மறுமுனை ஏற்றம் இறைக்கும் துலாமாதிரி மேலே எழும்பியது. தங்கப்பல்லில் பாதி வெளியே. ஸ்க்ரூவைத் தளர்த்தி, தகட்டை இடுக்கியால் நேராக்கி, கார்டின் இரண்டு முனையையும் பெருவிரலால் ஒன்றாக அழுத்தி, பிறகு மெதுவாக இறுக்கினேன். அன்றிலிருந்து ஸ்க்ரூ போட்ட பிறகு டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் மூடி போடுவதில்லை. முழு நீளக் கார்டுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அடுத்தது தங்கப்பல் அழுக்கு. கடலோர ஊர். பழைய கார்டு வாங்கினால் பல்லில் மங்கலாக ஒரு படலம் இருக்கும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது எங்கள் பரம்பரை வைத்தியம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் ரப்பர் அழுக்கோடு தங்கத்தையும் கொஞ்சம் சுரண்டும். பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதே முதல் வேலை. அதற்கும் போகாத கறைக்கு மட்டும் வெள்ளை ரப்பர், அதுவும் ஒரே திசையில், மெதுவாக. பிறகு தூளைத் துடைத்துவிட வேண்டும். ஸ்லாட்டுக்குள் விழுந்த ரப்பர் தூள் புதுக் கோளாறு.

இரண்டும் சரியென்றால் இடம் மாற்றிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்டின் ஸ்லாட்டில் புதியது, புதியதன் ஸ்லாட்டில் பழையது. கோளாறு கார்டோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் எந்தக் கார்டையும் குறை சொல்லக்கூடாது என்பது எங்கள் பட்டறைச் சட்டம்.

தெரிகிறது, மஞ்சள் குறியோடு தெரிகிறது

விண்டோஸ் சொல்லும் பிழை எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவர் போடவில்லை. 52 என்றால் டிரைவரின் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. பழைய கார்டைப் புது 64 பிட் விண்டோஸில் போட்டால் இது வழக்கம், அந்தக் காலத்து விண்டோஸையே திரும்பப் போடுவதுதான் பல நேரம் வழி. 12 என்றால் இடம் பத்தவில்லை. முகவரியோ, பிராசசரைக் கூப்பிடும் இன்டரப்டோ வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். 10 என்றால் கிளம்ப முடியவில்லை. இது நூறு காரணத்துக்குப் பொதுப் பெயர்.

12 வந்தால் பயாஸில் போய்ப் பயன்படுத்தாத சீரியல் போர்ட், ஆடியோ போன்றவற்றை அணைப்போம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நம் தம்பி ஒருமுறை உற்சாகத்தில் பேரலல் போர்ட்டையும் சேர்த்து அணைத்துவிட்டான். கார்டு எழுந்தது. வாய்ஸ்மெயில் மென்பொருள் படுத்துவிட்டது. ஏனென்றால் அதன் லைசென்ஸ் டாங்கிள், அதாவது அது இருந்தால்தான் மென்பொருள் ஓடும் சின்னச் சாவி, அந்தப் பேரலல் போர்ட்டின் முதுகில்தான் செருகியிருந்தது.

டிரைவர் தேடும்போது பெயர்க் குழப்பம் ஒன்று. டயலாஜிக் 1983இல் தொடங்கிய நிறுவனம். 1999இல் இன்டெல் வாங்கியது. 2006இல் அந்தத் தொழிலை ஐகான் வாங்கி, தன் பெயரையே டயலாஜிக் என்று மாற்றிக்கொண்டது. ஆகவே ஒரே கார்டின் டிரைவர் இரண்டு பெயரிலும் கிடைக்கும். ஸ்டிக்கரைப் பார்த்துத் தேடுவதைவிடக் கார்டில் அச்சடித்த மாடல் எண்ணைப் பார்த்துத் தேடுங்கள்.

சில கார்டுகளில் 0 முதல் எஃப் வரை எழுதிய சின்ன ரோட்டரி ஸ்விட்ச் இருக்கும். அதுதான் கார்டின் எண். எந்த எண் வைக்க வேண்டும், எல்லாம் 0 இருக்கலாமா என்பதை அந்த மாடலின் கையேட்டில் பார்த்து வையுங்கள். எண்ணைக் கையால் வைக்கும் முறையில் இரண்டு கார்டு ஒரே எண்ணில் நின்றால் ஒன்று எழும், மற்றது எழாது. எழாததை டெட் என்பார்கள்.

பழைய லைன்களின் ஒழுங்கு கலைந்துவிட்டது

நேற்றுவரை ரிசப்ஷனுக்கு வந்த அழைப்பு இன்று கணக்குப் பிரிவின் வாழ்த்துரையைச் சொல்கிறது. புது கார்டு ஓடுகிறது, பழையதுதான் குழம்பிவிட்டது.

மெஷின் பிசிஐ ஸ்லாட்டுகளை எண்ணும் வரிசையும் நாம் கண்ணால் பார்க்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புது கார்டு முதலில் எண்ணப்பட்டால் அதன் நான்கு வாய்கள் 1 முதல் 4 ஆகும். பழைய கார்டு 5க்குத் தள்ளப்படும். வயர் மாறவில்லை, பெயர்ப்பலகை மாறிவிட்டது. கார்டுகளின் ஸ்லாட்டை மாற்றியோ, ரோட்டரி எண்ணைப் பழையதற்குச் சிறியதாக வைத்தோ சரிசெய்யலாம். ஜாக்குகளை இடம் மாற்றாதீர்கள். அது இன்றைக்குச் சரியாகும், அடுத்த கார்டு போடும்போது மறுபடி கலையும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நேராக டயல் செய்து, திரையில் எந்தச் சேனல் விழிக்கிறது என்று ஒருவர் பார்த்துச் சொல்ல இன்னொருவர் எழுதினால் பத்து நிமிட வேலை.

மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை

கார்டுப் பக்கம் போகும் முன் ஜாக்கைக் கழற்றிச் சாதாரண டெலிபோன் ஒன்றைச் செருகுங்கள். எங்கள் பையில் ஒரு பழைய பட்டன் போன் எப்போதும் இருக்கும். அது மணி அடித்து, எடுத்துப் பேசவும் முடிந்தால், லைன் சுத்தம். அடிக்காவிட்டால் கோளாறு இபிஏபிஎக்ஸ் பக்கமோ வயரிலோ. மல்டிமீட்டரில் சும்மா இருக்கும் லைன் 48 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். சில இபிஏபிஎக்ஸ் அதைவிடக் குறைவாகவே கொடுக்கும். எடுத்த பிறகு பத்து வோல்ட்டுக்கு அருகே இறங்கும்.

லைன் நன்றாக இருந்து, ஒற்றைப்படை வாய்கள் மட்டும் எடுத்து, இரட்டைப்படை வாய்கள் எல்லாம் ஊமையாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். உங்கள் கோளாறு பத்து ரூபாய்க் கோளாறு. பன்னிரண்டு லைன் கார்டு சிலவற்றின் பின்னால் ஆறு ஜாக்தான் இருக்கும். ஒவ்வொரு ஜாக்கிலும் இரண்டு லைன்: நடு ஜோடி ஒன்று, அதன் இருபுறமும் உள்ள வெளி ஜோடி ஒன்று. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டெலிபோன் வயரில் நடு ஜோடி மட்டும்தான். நான்கு வயர் கொண்ட கேபிள் வாங்கிக் கிரிம்ப் செய்யுங்கள். இதே காரணத்துக்காகக் கார்டைத் திருப்பிக் கொடுத்து, மாற்றுக் கார்டும் அதே மாதிரி பாதி ஊமையாக இருக்க, "கம்பெனியே சரியில்லை" என்று ஒரு சேட் என்னிடம் கோபப்பட்டார். வயரை மாற்றியதும் சாய் வரவழைத்தார்.

கடைசி நான்கு வாய்கள் மட்டும் எடுக்கவில்லையா? லைசென்ஸ் எத்தனை வாய்க்கு என்று பாருங்கள். கார்டுக்குக் காசு கொடுத்தவர் மென்பொருளுக்கும் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆஸ்டெரிஸ்க் என்ற டெலிபோன் மென்பொருள் போட்டவர்கள் டிஜியம் டிடிஎம்400பி மாதிரிக் கார்டு வைத்திருந்தால் மாட்யூல் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு எஃப்எக்ஸ்ஓ, அதாவது எக்ஸ்சேஞ்ச் லைனோ எக்ஸ்டென்ஷனோ வந்து சேரும் இடம். பச்சை எஃப்எக்ஸ்எஸ், அதாவது டெலிபோன் கருவி சேரும் இடம். இபிஏபிஎக்ஸ் எக்ஸ்டென்ஷனைப் பச்சையில் செருகினால் இரண்டு பக்கமும் மின்சாரம் தள்ளும், மாட்யூல் சாகும் வாய்ப்பு உண்டு. பச்சை எழுந்திருக்கப் பவர் சப்ளையிலிருந்து நான்கு முள் கனெக்டர் கார்டில் செருகியிருக்க வேண்டும். சிவப்புக்கு அது தேவையில்லை. அதனால்தான் சிவப்பு ஓடும்போது பச்சை மட்டும் ஊமையாக இருந்தால் கை நேரே அந்தக் கனெக்டருக்குப் போக வேண்டும்.

எடுக்கிறது, ஆனால் பேச்சே இல்லை

ஒரே கார்டுக்குள் முடியும் வேலை சரியாக நடக்கிறது. ஒரு கார்டில் வந்த அழைப்பை இன்னொரு கார்டுக்குத் தர வேண்டியிருந்தால் மௌனம். இது கார்டுகளின் தலைமேல் ஓடும் பட்டைக் கேபிளின் வேலை.

எச்.100 என்ற முறையில் இந்தக் கேபிளுக்கு 68 முள். உள்ளே 32 பாதைகள், மொத்தம் 4096 நேரத்துண்டுகள். ஒவ்வொரு குரலும் தனக்கென்று ஒதுக்கிய துண்டில் ஏறிப் போகும். பழைய எஸ்சி பஸ் கார்டுகளுக்கு 26 முள் கேபிள். இரண்டையும் ஒரே மெஷினில் வைத்திருந்தால் அதற்கான அடாப்டர் வேண்டும். கேபிளைப் பாதிதான் அழுத்தியிருப்பார்கள், அல்லது ஒரு முள் வளைந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கேபிள் சரியென்றால் கடிகாரம். நாதஸ்வரக் கச்சேரியில் தாளம் போடுபவர் ஒருவர்தான். இரண்டு பேர் ஆளுக்கொரு காலப்பிரமாணத்தில் ஜால்ரா தட்டினால் என்ன ஆகும்? யாருமே தட்டாவிட்டால்? கார்டுகளுக்கும் அதே கதி. ஒரு கார்டு முதன்மைக் கடிகாரம், இன்னொன்று அது விழுந்தால் எடுத்துக்கொள்ளும் துணைக் கடிகாரம், மற்றவை பின்பற்றுபவை. புது கார்டைப் போட்டதும் அதுவும் தன்னை முதன்மை என்று அறிவித்துக்கொண்டால் குரல் சிதறும். கடிகாரமே இல்லாவிட்டால் முழு மௌனம். கான்ஃபிகரேஷனில் யார் முதன்மை என்பதைக் கையாலேயே நியமியுங்கள், தானியங்கி என்று விட்டுவிடாதீர்கள். கேபிளின் இரு கோடியில் உள்ள கார்டுகளில் மட்டும் டெர்மினேஷன், அதாவது சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் அடக்கும் முடிவு, இருக்க வேண்டும். நேற்றுவரை கோடியில் இருந்த கார்டு இன்று நடுவில் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

பேச்சு வருகிறது, நடுநடுவே "டிக்" என்கிறது

பிஆர்ஐ லைன், அதாவது இ1, இருந்தால் பெரும்பாலும் இதுவும் தாளக் கோளாறுதான். இ1 வினாடிக்கு 20,48,000 பிட் ஓடும் லைன். 32 துண்டுகளில் 30 குரலுக்கு, ஒன்று வரிசை காக்க, ஒன்று சிக்னலுக்கு. இதன் தாளத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போடுகிறது. நம் கார்டு அந்தத் தாளத்தை லைனிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தன் சொந்தக் கிரிஸ்டலில் ஓடினால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடலாம். இரண்டு கடிகாரத்துக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 32 துண்டும் ஒருமுறை சுற்றி வந்தால் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 8000 ஃபிரேம். அதில் 50 பங்கு என்றால் 0.4. ஆக இரண்டரை வினாடிக்கு ஒரு ஃபிரேம் விழும், அல்லது இரண்டு முறை வரும். காதில் கேட்டால் சீரான இடைவெளியில் ஒரு சின்ன "டிக்". கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். இடைவெளி சீராக இருந்தால் கடிகாரத்தைப் பிடியுங்கள். பேசுபவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள், ஃபேக்ஸ் பொறுக்காது.

இடைவெளி சீரில்லாமல், யாராவது கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் பொரிகிற மாதிரி கேட்டால் அது இன்டரப்ட் சண்டை. டிடிஎம்400பி வகைக் கார்டு வினாடிக்கு 1000 முறை பிராசசரின் தோளைத் தட்டும். அதே இன்டரப்டை ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலரோடு பகிர்ந்தால் சில தட்டுகள் தவறும். ஸ்லாட் மாற்றுங்கள், யூஎஸ்பியை அணைத்துப் பாருங்கள்.

குரல் முழுக்கவே கிழிந்த துணிமாதிரி கரகரத்து, ஆனால் வார்த்தை புரிகிறது என்றால் ஏ-லா, மியூ-லா குழப்பம். குரலை எண்ணாக்கும் இரண்டு முறைகள் அவை. நம் நாட்டில் இ1 லைனில் ஏ-லா. அமெரிக்க அமைப்போடு வந்த கார்டு மியூ-லாவில் நிற்கும். ஒரு தேர்வை மாற்றினால் முடிந்தது.

குரல் எலிக்குரலாகிவிட்டது

பழைய வாழ்த்துரைகள் புது கார்டில் வேகமாகவும் கீச்சென்றும் ஒலிக்கின்றன. அந்தக் கோப்புகள் வினாடிக்கு 6000 மாதிரியில் பதிவானவை, புது அமைப்பு 8000 என்று நினைத்து ஓட்டுகிறது. மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடும். வாக்ஸ் என்று முடியும் கோப்புகளில் தலைப்பகுதியே கிடையாது, எந்த வேகம் என்று கோப்பு தானாகச் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். மந்தமாகக் கேட்டால் இதற்கு நேர்மாறு.

ஒவ்வொரு செய்தியின் வாலிலும் "டூ... டூ... டூ..."

இதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. அதிகம் பேர் கண்டுகொள்ளாததும் இதுதான். அழைத்தவர் பேசி முடித்து வைத்துவிடுவார். சர்வர் வைக்காது. பிஸி டோனை மூன்று நிமிடம் செய்தியாகப் பதிவு செய்துகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் வாய் பிடிபட்டே இருக்கும். இரண்டு மணிக்குள் எல்லா வாய்களும் நிரம்பிவிடும். அப்போது அலுவலகத்திலிருந்து போன் வரும்: "நயா கார்ட் பீ கராப் ஹை கியா?" (புது கார்டும் கெட்டுப்போச்சா?)

கார்டுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு நம் ஊர் பாஷை தெரியவில்லை. அமெரிக்காவில் பிஸி டோன் 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது, அரை வினாடி ஒலி, அரை வினாடி மௌனம். இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி, முக்கால் வினாடி ஒலி, முக்கால் வினாடி மௌனம். எல்லா லைனும் நெரிசல் என்று சொல்லும் டோன் அதே 400, கால் வினாடி ஒலி, கால் வினாடி மௌனம். நாட்டு அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

மீதிப் பாதிக்கு ஆகாது. காரணம், கார்டு கேட்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் டோனை இல்லை, நடுவில் இருக்கும் இபிஏபிஎக்ஸின் டோனை. அது எந்த நாட்டில் செய்ததோ, யார் அமைத்தார்களோ, அந்தப்படி ஒலிக்கும். அதனால் அந்தப் பெட்டியிடமே கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். வழி எளிது. இரண்டு எக்ஸ்டென்ஷனில் பேசி, ஒன்றை வைத்துவிட்டு, மற்றதில் வரும் டோனைப் பதிவு செய்யுங்கள். சர்வரே பதிவு செய்த செய்தியின் வால் போதும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்தால் ஒலி எத்தனை மில்லி வினாடி, மௌனம் எத்தனை என்று கோடு போட்டு அளக்கலாம். அலைவரிசையையும் அதிலேயே பார்க்கலாம். அந்த எண்களைக் கார்டின் டோன் அட்டவணையில் எழுதுங்கள். பத்து சதவீதம் முன்னே பின்னே இடம் கொடுங்கள். மிக இறுக்கமாக வைத்தால் பிடிக்காது, மிகத் தளர்வாக வைத்தால் பேசுகிறவரின் குரலையே பிஸி என்று நினைத்து நடுவில் வெட்டிவிடும்.

அழைத்தவர் வைத்ததும் லைன் மின்சாரத்தை ஒரு கணம் துண்டிக்கும் வசதி உங்கள் இபிஏபிஎக்ஸில் இருந்தால் அதை இயக்குங்கள். டோனைக் கேட்டு அர்த்தம் பண்ணும் வேலையே மிச்சம். அதோடு எத்தனை வினாடி மௌனத்தில் பதிவை நிறுத்துவது, ஒரு செய்தி அதிகபட்சம் எவ்வளவு என்ற இரண்டு எல்லைகளையும் வைத்துவிடுங்கள். வலை கிழிந்தாலும் அடியில் ஒரு தொட்டி.

இ1 கார்டின் விளக்கு பச்சையாகவில்லை

சிவப்பு என்றால் நமக்கு எதுவும் வரவில்லை: கேபிளைப் பாருங்கள். கேட்கும் ஜோடி 1, 2ஆம் முள், சொல்லும் ஜோடி 4, 5ஆம் முள். இரண்டு கார்டை நேருக்கு நேர் இணைத்தால் இவை குறுக்காக மாற வேண்டும். மஞ்சள் என்றால் நாம் சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை. நீலம் என்றால் நடுவிலுள்ள கருவி உயிரோடு இருக்கிறது, அதற்கு அப்பால் அறுந்திருக்கிறது. எழுந்தும் அடிக்கடி விழுந்தால் சிஆர்சி4 என்ற பிழைச் சோதனை ஒரு பக்கம் இயங்கி மறுபக்கம் அணைந்திருக்கிறதா என்று லைன் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

மழை பெய்தால் மட்டும் வருகிறது

ஜூன் மாதம் கார்டு போட்டவர்களுக்கு மட்டும் வரும் சிறப்புத் தொல்லை. ஊம்ம் என்று ஓர் அடிநாதம், சில நேரம் தானாகவே எடுத்து வைக்கும், சில நேரம் மணியே உணராது. புது கார்டைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ஏனென்றால் அதுதான் புதிது. நீங்கள் படிக்கட்டுக்குக் கீழே, வெளி லைன்கள் வந்து சேரும் எம்டிஎஃப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வயரைக் குத்தி இறக்கும் குரோன் மாட்யூலின் பல்லில் பச்சைக் களிம்பு, பழைய ஜெல்லிக் கேபிளில் ஈரம், எலி கடித்த தோல். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்த வெள்ளத்தில் மூழ்கிய கீழ்த்தளப் பெட்டிகளைக் காயவைத்து அப்படியே ஓட்டுகிறவர்களை அதற்குப் பல வருஷம் கழித்தும் பார்த்தேன். களிம்பு பிடித்த மாட்யூலை மாற்றிப் புதிதாகப் பஞ்ச் செய்தால் பாதிச் சத்தம் போய்விடும்.

ஊம்ம் சத்தம் 50 ஹெர்ட்ஸ். சுவர் மின்சாரத்தின் குரல் அது. சர்வரும் இபிஏபிஎக்ஸும் வெவ்வேறு எர்த்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே 2 வோல்ட்டைத் தாண்டினால் நான் கார்டைத் தொடுவதில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறேன். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு லைனுக்கும் எம்டிஎஃப்பில் சர்ஜ் பாதுகாப்பு மாட்யூல் இருக்க வேண்டும். எர்த் இல்லாத பாதுகாப்பு மாட்யூல் வெறும் பிளாஸ்டிக்.

இத்தனைக்கும் பிறகும் எழவில்லை என்றால்

இடி விழுந்த மறுநாள் ஒரே ஒரு வாய் மட்டும் மணியை உணரவில்லை, வயரையும் ஜாக்கையும் மாற்றியாயிற்று, வேறு மெஷினிலும் அதே வாய் அப்படியே என்றால், இப்போது அந்தக் கார்டின் லைன் முகப்பு போய்விட்டது என்று சொல்லலாம். அப்போதும் மீதி வாய்கள் ஓடும். மென்பொருளில் அந்த ஒரு வாயை மட்டும் அணைத்து, அதன் எக்ஸ்டென்ஷனை ஹன்ட் குரூப்பிலிருந்து, அதாவது இபிஏபிஎக்ஸ் அழைப்பைப் பங்கிட்டுத் தரும் பட்டியலிலிருந்து, எடுத்துவிட்டு, வேறு கார்டு வரும்வரை ஓட்டலாம். எடுக்க மறந்தால் நான்கில் ஓர் அழைப்பு அந்த ஊமை வாயில் போய் மணி அடித்துக்கொண்டே நிற்கும்.

ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போது சாம்பல் நிற ஆன்டிஸ்டாட்டிக் பையில் போடுங்கள். தெர்மகோல் பெட்டிக்குள் வெறும் கார்டை வைத்துக் கொண்டு போய், போகும் வழியிலேயே அதைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். பைக்குள் ஒரு சீட்டும் வையுங்கள். "டெட்" என்று அதில் எழுதினால் ரிப்பேர்க்காரர் கார்டை மாட்டிப் பார்ப்பார், விளக்கு எரியும், "நன்றாக இருக்கிறதே" என்று திருப்பிக் கொடுப்பார். தம்பி இப்போதெல்லாம் எழுதும் சீட்டு இப்படி இருக்கிறது: "3ஆம் போர்ட் மணியை உணரவில்லை. 1, 2, 4 சரி. இரண்டு மெஷினில் பார்த்தாயிற்று. இடிக்குப் பிறகு."